மழையில் உயர்ந்த கிட்டார் கம்பிகள்: சாடிலைத் தேய்க்கலாமா, கூடாதா?

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
என் கிட்டாரின் மேற்பலகை ஒட்டுப்பலகை அல்ல, முழு ஸ்புரூஸ் மரம். இடவப்பாதி மழை தொடங்கியதிலிருந்து கம்பிகள் மேலே ஏறிவிட்டன. 12ஆம் ஃபிரெட்டில் (விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) தடித்த கம்பிக்கு அடியில் 3.3 மில்லிமீட்டர் இடைவெளி; பங்குனியில் 2.5தான் இருந்தது. எஃப் கார்டு பிடித்தால் விரல் எரிகிறது. பழுது பார்ப்பவர், கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டான சாடிலை ஒன்றரை மில்லிமீட்டர் தேய்த்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

களியக்காவிளை பாடகர் குழு:
தாராளமாகச் செய்யுங்கள், தம்பி. எங்கள் ஆலயத்துக் கிட்டார்களை நான்தான் பராமரிக்கிறேன். விரல் வலித்தே பழகுவதை நிறுத்திய பிள்ளைகள் பலர். வாசிக்க எளிதாக இல்லாத கருவியைப் பொத்திப் பொத்தி வைத்து என்ன பயன்? தேய்த்த பிறகு கேஸுக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள், வாசித்து முடித்ததும் கம்பிகளைத் தளர்த்துங்கள், ஃபிரெட்போர்டுக்கு மாதம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

வாளையாறு வாசகன்:
தயவுசெய்து தேய்க்காதீர்கள்! ஐயா சொல்வது கடலோரத்துக்குப் பொருந்தலாம். கொழிஞ்சாம்பாறை இருப்பது பாலக்காட்டுக் கணவாயில். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலை விட்டுக்கொடுத்த வழி அது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து ஈரம் வரும். மார்கழி, தையில் அதே வழியில் உதடு வெடிக்கும் அளவுக்குக் கிழக்குக் காற்று அடிக்கும்.

ஈரத்தைக் குடித்த ஸ்புரூஸ் குறுக்குவாட்டில் விரியும். அடியில் ஒட்டிய தாங்குசட்டங்கள் அந்த அளவுக்கு விரியாது. அதனால் பலகை மேல்நோக்கிப் புடைக்கிறது. பலகைமேல் ஒட்டி, சாடிலைத் தாங்கிக் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜும் கம்பிகளும் கூடவே எழுகின்றன. சாடிலை ஒன்றரை மில்லிமீட்டர் தேய்த்தால் 12ஆம் ஃபிரெட்டில் அதில் பாதி, முக்கால் மில்லிமீட்டர், இறங்கும். இன்றைக்குச் சுகமாக இருக்கும். தையில் பலகை உலர்ந்து தாழும்போது கம்பிகள் ஃபிரெட்டில் உரசி இரையும். தேய்த்த எலும்பை அப்போது யார் வளர்த்துத் தருவார்?

களியக்காவிளை பாடகர் குழு:
கிழக்குக் காற்று உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆண்டு முழுவதும் ஈரம், கூடவே உப்பு. ஆனால் மழை ஓயும்வரை அந்தப் பிள்ளை விரலைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? நெக்குக்குள், அதாவது கிட்டாரின் கழுத்துக்குள், இருக்கும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைத் திருகலாமே?

வாளையாறு வாசகன்:
டிரஸ் ராட் நெக்கின் வளைவைச் சரிசெய்யத்தான், ஐயா. புடைத்த பலகையை அது இறக்காது. நெக் வளைந்திருந்தால் மட்டும் கால் சுற்று திருகிப் பார்க்கலாம்.

சிலிக்கா ஜெல்லிலும் கவனம் வேண்டும். அது எந்த அளவில் நிற்பது என்று அறியாமல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழையில் உதவுகிற அதே பொட்டலம் தையில் கேஸுக்குள் கிடந்தால் பலகை பிளக்கும். ஈரத்தை வாங்கவும் கொடுக்கவும் வல்ல, ஈரப்பதத்தை 49 சதவீதத்தில் நிறுத்தப் பார்க்கும் பொட்டலம் கிடைக்கிறது, அது நல்லது. முதலில் சிறிய ஈரப்பதமானி ஒன்றை கேஸில் வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் மரத்துக்குக் கவலை இல்லை.

எண்ணெய் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தேங்காய் எண்ணெய் உலராது. ஃபிரெட்டின் ஓரத்தில் தூசியோடு கறுப்புப் பசையாகச் சேரும். தை மாத விடியலில் வெள்ளையாக உறைந்தும் நிற்கும். ஃபிரெட்போர்டுக்கென விற்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு, ஆண்டுக்கு ஓரிரு முறை போதும்.

களியக்காவிளை பாடகர் குழு:
எண்ணெயை நிறுத்திவிடுகிறேன். கம்பியைத் தளர்த்துவதை நிறுத்த மாட்டேன். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கின்றன. ஈரத்தில் ஊறிய பிரிட்ஜ் எத்தனை நாள் தாங்கும்?

வாளையாறு வாசகன்:
அந்த இழுவிசைக்காகவே அதைக் கட்டுகிறார்கள். தினமும் முழுவதும் தளர்த்தினால் நெக் ஓயாமல் முன்னும் பின்னும் அசையும். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் ஒரு சுரம் இறக்கி வையுங்கள், போதும். தம்பி, பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய தாளைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. அன்றே கம்பிகளைத் தளர்த்திப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
தாள் நுழையவில்லை, அண்ணா. கேஸுக்குள் ஈரப்பதம் 81 சதவீதம் காட்டுகிறது.

களியக்காவிளை பாடகர் குழு:
அப்படியானால் ஒரு வழி சொல்கிறேன். பழைய சாடிலைத் தொடாதீர்கள். தாழ்வான இன்னொரு எலும்புச் சாடில் செய்யச் சொல்லுங்கள். மழைக்கு அது, காற்றுக்குப் பழையது.

வாளையாறு வாசகன்:
இதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். பழையதைப் பொட்டலத்தில் இட்டு, பெயர் எழுதி, கேஸிலேயே வையுங்கள்.