ப்ளூ கார்டா, 18பி-யா? 21 மாசம் எந்தத் தேதியில இருந்து?

அம்பத்தூர் எஸ்டேட்:
நேத்து ரைன்கரைத் தமிழன் ஜெர்மனி வேலை விசா பத்தி இங்க ஒரு பதிவு போட்டார். "18பி வாங்கிட்டு ஜெர்மனி போறவன் ஏமாளி. ப்ளூ கார்டு கைக்கு வந்த நாள்ல இருந்து 21 மாசம், பி.ஆர். வந்துடும்." பதிவு அவ்வளவுதான். (புதுசாப் படிக்கறவங்களுக்கு: 18பி பட்டதாரிகளுக்கான சாதாரண வேலை அனுமதி, ப்ளூ கார்டு சம்பள வரம்பு வச்சுத் தர்ற வேலை அனுமதி, பி.ஆர். அங்கயே நிரந்தரமாத் தங்கற உரிமை.) ஆளாளுக்குக் கைதட்டிட்டுப் போயிட்டீங்க.

எனக்கு ராத்திரி தூக்கம் வரல. என் கையில 47,000 யூரோ ஆஃபர் லெட்டர் இருக்கு. மெக்கானிக்கல், வயசு 31. திங்கக்கிழமை விண்ணப்பம் போடணும். கன்சல்டன்ட் 18பி-ன்னு எழுதி வச்சிருக்கார். எங்க அப்பா உங்க பதிவைப் படிச்சுட்டு, "ஏன்டா உன்னை ஏமாளி ஆக்கப் பாக்கறாங்க"ன்னு காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கார்.

சட்டத்தை நான் உக்காந்து படிச்சேன். 21 மாசம் சும்மா வராது, நடுத்தர நிலையான பி1 ஜெர்மன் வேணும். ஆரம்ப நிலையான ஏ1 மட்டும் இருந்தா 27 மாசம். அதைவிடப் பெரிய தப்பு, "கார்டு கைக்கு வந்த நாள்ல இருந்து"ன்னு நீங்க எழுதினது. ப்ளூ கார்டுக்கான வேலையை எத்தனை மாசம் பாத்தோம், அத்தனை மாசமும் பென்ஷன் பிடிச்சாங்களா, இதுதான் கணக்கு. இங்கயே பாஸ்போர்ட்டுல ஒட்டித் தர்ற டி விசாவுல இறங்கி வேலைக்குச் சேந்த அன்னிக்கே அது ஓட ஆரம்பிக்குது. திருத்திப் போடுங்க சார்.

ரைன்கரைத் தமிழன்:
தம்பி, நான் 2017-ல வந்தவன். கார்டு கையில வாங்கினது அக்டோபர் 2017, பி.ஆர். ஜூலை 2019. விரல் விட்டு எண்ணுங்க, 21 வரும். நைட் ஷிஃப்ட் முடிச்சு ரயில்லயே புத்தகத்தை விரிச்சு பி1 பாஸ் பண்ணவன் நான். அம்பத்தூர்ல உக்காந்து சட்டம் படிச்சவர் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். கார்டுத் தேதிதான்.

தாம்பரம் சானடோரியம்:
ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கறீங்க? 47,000-க்கு ப்ளூ கார்டே கிடைக்காது. 2026-க்கு 50,700 வேணும். கன்சல்டன்ட் சரியாத்தான் சொல்லியிருக்கார்.

மயிலை கலா:
தாம்பரம், பாதியை மட்டும் சொல்லாதீங்க. இந்த வரம்பு வானத்துல இருந்து குதிக்கறது இல்ல. ஜெர்மனியில பென்ஷன் பிடிக்க ஒரு வருட உச்சவரம்பு இருக்கு, 2026-க்கு 1,01,400 யூரோ. அதுல பாதி 50,700, பொதுவான ப்ளூ கார்டு வரம்பு. ஆள் தட்டுப்பாடு உள்ள தொழிலுக்கும், பட்டம் வாங்கி மூணு வருஷம் ஆகாதவங்களுக்கும் 45.3 சதவீதம், அதாவது 45,934 யூரோ 20 சென்ட். இன்ஜினியர் வேலை அந்தத் தட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. அம்பத்தூர் தம்பிக்கு 47,000 தாராளமாப் போதும். அந்த ஊர் வேலைவாய்ப்பு முகமை ஒப்புதல் கூடுதலா வேணும். 18பி-க்கும் அதே ஒப்புதல் வேணும்ங்கறப்போ இதைக் காரணமாக் காட்டி ஒதுங்கறதுல அர்த்தமே இல்ல.

சம்பளம் இந்த வரம்பைத் தொடாதவங்களுக்கு 18பி நல்ல வழி. அதை வாங்கறவங்களை ஏமாளின்னு எழுதினது எனக்கும் பிடிக்கல. ஆனா 18பி-ல பி.ஆர்.க்கு மூணு வருஷம், 36 மாச பென்ஷன், கூடவே பி1. கணக்குப் போட்டுப் பாருங்க, 15 மாசம் வித்தியாசம்.

ரைன்கரைத் தமிழன்:
பாத்தீங்களா, கலா மேடமே 15 மாசம் நஷ்டம்னு சொல்றாங்க. நான் சொன்னா மட்டும் குத்தம். 21 மாசம், கார்டுத் தேதியில இருந்து.

மயிலை கலா:
"கார்டுத் தேதி"ன்னு நான் எங்க சொன்னேன்? என் வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க.

என் வீட்டுக்காரர் ஜனவரி 3-ம் தேதி வேலைக்குச் சேந்தார். கார்டு அச்சாகி வந்தது மே கடைசியில. நடுவுல டி விசா முடியப் போகுதுன்னு ஒரு தற்காலிகத் தாள் குடுத்தாங்க, அதை மடிச்சு பாஸ்போர்ட்டுக்குள்ள வச்சுக்கிட்டே திரிஞ்சார். பி.ஆர். போடப் போனப்போ அந்த ஆபீஸ்ல இருந்த அதிகாரி அம்மா கார்டைத் திருப்பிக்கூடப் பாக்கல. பென்ஷன் ஆபீஸ் அனுப்பின கணக்குத் தாளை மேசையில விரிச்சு, பேனா முனையை ஜனவரியில வச்சு, ஒவ்வொரு மாசமா இறங்கி வந்தாங்க. அப்படி வச்சு எண்ணினதுலதான் எங்களுக்கு நாலு மாசம் முன்னாடியே கிடைச்சது.

சம்பளச் சீட்டுல "ஆர்.வி."ன்னு பென்ஷன் பிடித்த வரி ஒண்ணு வரும் பாருங்க, 9.3 சதவீதம் நம்மகிட்ட பிடிப்பாங்க, அதே அளவு கம்பெனி போடும். உங்க மாசத்தை எண்ணற இடம் அந்த வரிதான். முதல் சீட்டுல இருந்து ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க.

ரைன்கரைத் தமிழன்:
அது உங்க ஊர் ஆபீஸ். எங்க ஊர்ல அதிகாரி என் முகத்தைப் பாத்து, "கார்டு தேதி என்ன?"ன்னுதான் கேட்டார். என் காதால கேட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்:
அவர் தேதி கேட்டார், நீங்க சொன்னீங்க. அதுல இருந்துதான் எண்ணினார்னு எப்படி சார் தெரியும்? நீங்க எந்த மாசம் வேலைக்குச் சேந்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க.

தாம்பரம் சானடோரியம்:
சொல்ல மாட்டார். போன வருஷம் என் மாமா பையன், அங்க போய் வேலை தேடறதுக்கான சான்ஸ் கார்டு போடலாமான்னு இங்கதான் கேட்டான். "வேலை இல்லாம போறவன் ஆறு மாசத்துல திரும்பி வருவான்"னு இதே மனுஷன் எழுதினார். 6 பாயின்ட் எடுத்து, பேங்க்ல பணத்தை முடக்கி, அங்க போய் வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலை பாத்துக்கிட்டே அஞ்சாவது மாசம் முழு வேலை வாங்கிட்டான். நீங்க அப்படி எழுதின அன்னைக்கு அந்தப் பையன் எப்படி அழுதான்னு எனக்குத்தான் தெரியும். ஒரு மன்னிப்பு கேட்டீங்களா?

ரைன்கரைத் தமிழன்:
நல்லது சொன்னேன். ஒருத்தன் தப்பிச்சான்னா எல்லாரும் தப்பிப்பாங்களா? சான்ஸ் கார்டே 2024 ஜூன்லதான் வந்தது, அப்போ யாருக்கும் எதுவும் தெரியாது. பேச்சை மாத்தாதீங்க. 21 மாசம், கார்டுத் தேதி.

தாம்பரம் சானடோரியம்:
யாருக்கும் தெரியாதுன்னா நீங்க மட்டும் எதுக்கு அவ்ளோ உறுதியா எழுதினீங்க? 21 மாசத்துல குடியுரிமை வாங்கி, நம்ம பாஸ்போர்ட்டையும் குடுத்துட்டு, இங்க வந்து ஊர்ப் பசங்களுக்கு உபதேசம்.

மயிலை கலா:
21 மாசத்துல குடியுரிமை யாருக்கும் வராது தாம்பரம். அது வேற, பி.ஆர். வேற. குடியுரிமைக்கு 5 வருஷம். 3 வருஷத்துல தர்றதா இருந்த வழியையும் 2025 அக்டோபர்ல மூடிட்டாங்க.

ரைன்கரைத் தமிழன்:
என் பாஸ்போர்ட்டைப் பத்திப் பேச நீங்க யாரு? ஜெர்மனி ரெண்டையும் வச்சுக்கச் சொல்லுது, இந்தியா விடல. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்தியர்களுக்குத் தர்ற ஓ.சி.ஐ. அட்டை வச்சிருக்கேன், வருஷா வருஷம் வந்து எங்க அம்மாவைப் பாத்துட்டுத்தான் போறேன். குரோம்பேட்டையில போய்க் கேளுங்க நான் எப்படிப்பட்ட பிள்ளைன்னு.

மயிலை கலா:
அம்மா பேச்சு வந்ததால இதைச் சொல்லியே ஆகணும், இதை யாரும் கேக்கறதே இல்ல. பி.ஆர். வாங்கறதுக்கு முன்னாடி எங்க மாமியாருக்குக் கேன்சர். வீட்டுக்காரர் சம்பளமில்லா லீவு போட்டுட்டு வந்து ஏழு மாசம் மயிலாப்பூர்லயே இருந்தார். கீமோவுக்குப் போற நாள்லாம் அவர்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவார். 18பி-ல இருந்திருந்தா, முன்கூட்டியே அனுமதி வாங்காம ஆறு மாசம் தாண்டினதுமே அது செல்லாமப் போயிருக்கும். ப்ளூ கார்டுல 12 மாசம் வரைக்கும் ஜெர்மனியை விட்டு வெளிய இருக்கலாம். அந்த ஏழு மாசம் அவருக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். வயசான அப்பா அம்மாவை இங்க விட்டுட்டுப் போறவங்க 21-ஐயும் 27-ஐயும் பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

அம்பத்தூர் எஸ்டேட்:
அக்கா, இதை எங்க கன்சல்டன்ட் ஒரு வார்த்தை சொல்லல. எங்க அப்பாவுக்கு 68 வயசு, நான் ஒரே பையன். ரொம்ப நன்றி.

கோடம்பாக்கம் மேம்பாலம்:
இவ்வளவு நேரம் படிச்சேன். எனக்கு 46. ஐ.டி., 50,000 யூரோ ஆஃபர். வயசு ஆயிடுச்சு, ப்ளூ கார்டு தர மாட்டாங்க, 18பி போடுங்கன்னு சொல்றாங்க. சரியா?

மயிலை கலா:
நேர் எதிர் சார். 45 வயசு தாண்டி முதல் தடவை 18பி வாங்கணும்னா நான் சொன்ன அந்தப் பென்ஷன் உச்சவரம்புல 55 சதவீதம், 55,770 யூரோ சம்பளம் வேணும். இல்லன்னா வயசான காலத்துக்குப் போதுமான சேமிப்பு இருக்குன்னு காட்டணும். ப்ளூ கார்டுக்கு அந்த வயசு விதியே கிடையாது. ஐ.டி.யும் தட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கறதால 45,934 போதும். உங்களுக்குப் ப்ளூ கார்டுதான்.

ரைன்கரைத் தமிழன்:
46 வயசுல போய் பி1 எழுதறதுக்குள்ள 21 மாசம் ஓடியே போயிடும். அதுவும் கார்டுத் தேதியில இருந்து எண்ணினா.

கோடம்பாக்கம் மேம்பாலம்:
வயசைச் சொல்லிக் காட்டறதுக்கா இங்க வந்தேன்? நுங்கம்பாக்கத்துல மேக்ஸ் முல்லர் பவன்ல ஏ2 முடிச்சுட்டேன் சார், என் பொண்ணு வயசுப் பசங்களோட ஒரே பெஞ்சுல உக்காந்து. பி1-ம் முடிப்பேன்.

அம்பத்தூர் எஸ்டேட்:
மறுபடியும் கேக்கறேன். ரைன்கரை சார், 2017-ல நீங்க எந்த மாசம் வேலைக்குச் சேந்தீங்க? முதல் சம்பளச் சீட்டு எந்த மாசம்?

ரைன்கரைத் தமிழன்:
எட்டு வருஷத்துக்கு முந்தின சீட்டை இப்போ தேடிக்கிட்டு இருக்க முடியாது. ஜூலையோ ஆகஸ்டோ. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

அம்பத்தூர் எஸ்டேட்:
ஜூலைன்னா நீங்க 2019 ஏப்ரல்லயே பி.ஆர். போட்டிருக்கலாம் சார். மூணு மாசம் சும்மா காத்திருந்திருக்கீங்க. கார்டுத் தேதியை நம்பி.

ரைன்கரைத் தமிழன்:
நான் எதுக்கும் காத்திருக்கல. அதிகாரி சொன்ன நாள்ல போட்டேன், முதல் தடவையே கிடைச்சது. கார்டே வாங்காதவர் எனக்குக் கணக்கு சொல்ல வேண்டாம். கார்டுத் தேதி. 21.

அம்பத்தூர் எஸ்டேட்:
திங்கக்கிழமை ப்ளூ கார்டுன்னுதான் போடப் போறேன். வேலைக்குச் சேந்த நாள்ல இருந்துதான் எண்ணப் போறேன்.

தாம்பரம் சானடோரியம்:
அதெல்லாம் இருக்கட்டும். என் மாமா பையன் விஷயத்துக்கு இன்னும் பதில் வரல.