புதர் என்று வெட்டியதெல்லாம் மரம்

மரக்கன்று நட்டு வளர்த்த கதையைப் பலரும் சொல்வார்கள். நான் நட்டு ஏமாந்த கதையைச் சொல்கிறேன்.

மேல்மண் அரித்துப்போன மேட்டு நிலம். முதல் இரண்டு ஆண்டும் குழியெடுத்து, கன்று நட்டு, தண்ணீர் சுமந்தேன். கோடை முடிந்தபோது பாதிக்கு மேல் வெறும் காய்ந்த குச்சிகள். இதில் கூத்து என்னவென்றால், அதே நிலத்தில் பழைய அடிக்கட்டைகள் மழைக்கு மழை துளிர்த்துக்கொண்டே இருந்தன. ஒவ்வோர் உழவுக்கு முன்பும் புதர் என்று நானே அவற்றை வெட்டிப் போட்டிருக்கிறேன்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரிலும் இதே கதைதான் என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதல். அங்கே மராடி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. 1983-இல் மணல் பாதையில் டயரின் காற்றைக் குறைக்க இறங்கியவர், பக்கத்துப் புதரை உற்றுப் பார்த்தார். வெட்டுண்ட மரமொன்று அடியிலிருந்து துளிர்த்திருந்தது. அப்படித் துளிர்ப்பதைக் காத்து வளர்க்கும் பழக்கம் உழவர்களிடையே பரவி, சுமார் 20 ஆண்டுகளில் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. மரமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்ற பிடி தளர்ந்ததும் ஒரு காரணம். தனக்கில்லாத மரத்தை யார் காப்பார்கள்?

சரி, என் கட்டைக்கு வருகிறேன். ஒன்றில் இருபதுக்கு மேல் துளிர். நேராக, தடிப்பாக இருந்த நான்கை விட்டு மற்றதை அறுத்தேன். விட்டவற்றில் கீழ்ப்பாதிப் பக்கக் கிளைகளைக் கழித்தேன். முதல் கட்டையில் ஆசைப்பட்டு உச்சிவரை கழித்துவிட்டேன். காற்றுக்குத் தண்டு முறிந்தது. அறுத்த தழையை அங்கேயே மூடாக்காகப் பரப்பினேன். அடுத்த மழைக்குப் பின் தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சை இழைகள், விரலில் ஒட்டும் ஈரம். ஓரடி தள்ளி மண் ஓடு மாதிரி கிடந்தது.

விளைச்சல் உடனே கூடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நிழல் விழுந்த இடத்தில் தானியம் குட்டையாகவே நின்றது. ஆப்பிரிக்க உழவர்களுக்கு ஃபைதர்பியா என்றொரு மரம் வாய்த்திருக்கிறது. மழைக்காலத்தில் இலையுதிர்த்து வறட்சியில் தழைக்கும். பயிருக்கு நிழல் தொல்லை இல்லை, மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மழைக்கு முன் கவாத்து செய்து சமாளிக்கிறேன். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் தானியம் கைவிட்டபோது தழைதான் ஆடுகளைக் காப்பாற்றியது, கழித்த கிளை விறகானது.

இப்போது உழவுக்கு முன் ஒவ்வொரு கட்டையிலும் துணி கட்டி அடையாளம் வைக்கிறேன். டிராக்டர் ஓட்டுபவருக்குப் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை.