புதுப்பிப்பு: பனிச்சறுக்கு போய் வந்தாச்சு

43 வயதில் பனிச்சறுக்கு கற்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய்விட்டு வந்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து காரில் கிளம்பி, கலிடன்ஸ்பூர்ட் எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பக்கத்து நாடான லெசோத்தோவில் உள்ள ஆஃப்ரிஸ்கி என்ற பனிச்சறுக்கு மையத்துக்கு. 3,000 மீட்டருக்கு மேல் உயரம். பூட்ஸ் மாட்டவே மூச்சு வாங்கியது.

அப்போது இரண்டு காலுறை போடச் சொன்ன அண்ணனுக்கு: ஒன்றே போதும் அண்ணா. மடிப்பு விழுந்து கணுக்கால் கன்றிவிட்டது.

நிற்கப் பழகுவதுதான் முதல் பாடம். சறுக்குப் பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, குதிகால்களை விலக்கி, பீட்சாத் துண்டு மாதிரி வைக்க வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தேன், இன்னும் வேகமெடுத்தது! முழங்காலை மடக்கி, கணைக்காலைப் பூட்ஸின் முன்பக்கம் அழுத்தியதும் அடங்கியது. ஏழு முறை விழுந்தேன். பக்கத்திலேயே ஒரு பொடியன் சிரித்துக்கொண்டே சறுக்கிப் போனான். தொடை இன்னும் வலிக்கிறது. சரி, ஆகஸ்டுக்குள் இன்னொரு தடவை போகிறேன்.