பெயர் ஒண்டு சொல்லுங்கோ

திருகோணமலையில இருந்து எழுதுறன். வீட்டிலயே பியூர் டேட்டா எண்ட, ஒலிக்கு நிரல் எழுதுற கருவியில ஒரு இசை மென்பொருள் செய்திருக்கிறன். உட்துறைமுகத்து வள்ள எஞ்சின், கோணேசர் கோயில் மணி, எதைப் பதிஞ்சு குடுத்தாலும் 20 முதல் 80 மில்லி செக்கன் துண்டுகளா அரிஞ்சு, இடம் மாத்தி, ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி ஒலிக்கும். மணிச்சத்தம் சிலநேரம் தகரக் கூரையில மழை மாதிரி வரும். மெட்டு தேடுற ஆக்களுக்கு இது சரிவராது.

பெயர்தான் அமையேல்லை. மேக்ஸ் எண்ட இன்னொரு இசை மென்பொருளுக்கு கணினி இசை முன்னோடி மேக்ஸ் மத்தியூஸின்ர பெயரை வைச்சிருக்கினம். நான் 'யாழ்' எண்டு யோசிச்சன். பிறகு யாழ்ப்பாணத்து ஆக்கள் செய்தது எண்டுவினம், விடுவனே? கோணேசர் மலையில இருக்கிற பாறைப் பிளவின்ர பெயர், 'இராவணன் வெட்டு', நல்லாப் பிடிச்சிருக்கு, வெட்டுறதுதானே இதின்ர வேலை. ஆனா நீளம். தம்பி 'கிறீச்' எண்டுறான், அவனை விடுங்கோ.

இரண்டு மூண்டு எழுத்தில, வாயில நிக்கிற மாதிரி சொல்லுங்கோ. அந்தப் பெயரில ஏற்கெனவே வேற மென்பொருள் இருந்தா அதையும் சொல்லிவிடுங்கோ.