முட்டளவு தண்ணீரா?

பாம்பன்காரன்: நேற்று ஒருத்தர் பெண்கள் முன்னேற்றம் என்று இங்கே நீட்டி முழக்கியிருந்தார். கடல்பாசி எடுக்கிற பெண்கள்தான் உதாரணமாம். முட்டளவு தண்ணீரில் நின்று பொறுக்குகிற வேலைக்கு இவ்வளவு மேளமா? அதுவும் மாதத்தில் 12 நாள்.

சின்னப்பாலத்துக்காரி: அண்ணே, முட்டளவா? என் அம்மா முங்குகிறவர். பத்து விரலுக்கும் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு உள்ளே போய், மூச்சு தாங்குகிற மட்டும் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்து, மறுபடி முங்குவார். துணியை மீறியும் விரல் கிழியும்; ராத்திரி குழம்புக் காரம் படக்கூடாது என்று கரண்டியில் சாப்பிடுவார். அமாவாசைக்கு 6 நாள், பௌர்ணமிக்கு 6 நாள், அது கடல் போட்ட கணக்கு. நான் பட்டம் வாங்கியது அந்த முட்டளவு தண்ணீர்க் காசில்தான்.

பாம்பன்காரன்: சரி, வாழ்த்துகள். ஆனால் தண்ணீர் முட்டளவுதான். கண்ணால் பார்த்தேன்.

சின்னப்பாலத்துக்காரி: எங்கே, பாலத்தில் ரயில் போகும்போது ஜன்னல் வழியாகவா?

ஏர்வாடி மாப்பிள்ளை: ரெண்டும் உண்டு மதினி. கரையோரப் பாசிக்கு முங்க வேண்டாம். மூங்கில் மிதவையில் வளர்க்கிற பாசி 45 நாளில் அறுவடை, அதற்கும் வேண்டாம்.

சின்னப்பாலத்துக்காரி: மதினியா? எப்போது சம்பந்தம் கலந்தோம்? கூட்டத்தில் பொம்பளைகளுக்கு எதற்கு நாற்காலி என்று கேட்ட ஆள்தானே நீங்கள்.

பாம்பன்காரன்: அந்த மிதவைப் பாசிதானே குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்தது? அதைப் பற்றி யாரும் பேசமாட்டீர்களே.

சின்னப்பாலத்துக்காரி: பேச்சை மாற்றாதீர்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சுற்றியிருக்கிற கடலை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதுவரை பாட்டி போன இடத்துக்கு அம்மா இப்போது திருடி மாதிரி போய்வருகிறார். ஒருநாள் மறித்து மொத்தப் பையையும் பிடுங்கிக்கொண்டார்கள், ஈரப்புடவையோடு வெறுங்கையாக வந்தார். 2015-ல் எங்கள் ஊர்ப் பாசிக்காரி லட்சுமி, தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி பரிசு வாங்கினாரே, முட்டளவு தண்ணீரில் நின்றதற்கா கொடுத்தார்கள்?

பாம்பன்காரன்: கொடுத்தவர்கள் ஆழம் அளந்தார்களா? அப்புறம், படகை ஓட்டிக்கொண்டுபோய் விடுவது ஆம்பிளைதானே.

சின்னப்பாலத்துக்காரி: ரயிலை ஓட்டுகிறவர் இருக்கிறார் என்பதற்காக உங்கள் சம்பளத்தை அவரிடமா கொடுக்கிறீர்கள்? அமாவாசைக்கு வாருங்கள், அம்மா போகிற படகில் இடம் இருக்கிறது. கண்ணாடி நான் தருகிறேன்.

ஏர்வாடி மாப்பிள்ளை: நாற்காலி விஷயம் நான் சொல்லவில்லை. அது என் சித்தப்பா.

பாம்பன்காரன்: அமாவாசைக்குப் பரமக்குடியில் ஒரு விசேஷம், வர முடியாது. முட்டளவுதான்.