ஊசி ஏறாத கையுறை: 4544 என்ற எண்ணை நம்பலாமா?

கடலூர்க்காரன்:
தம்பி சிறைக் காவலர். அறைச் சோதனை என்றால் மெத்தை மடிப்பு, ஜன்னல் இடுக்கு என்று எல்லாவற்றிலும் கை விட வேண்டும். பிளேடு கிடைக்கும், சில நேரம் ஊசியும். பாண்டி நேரு வீதியில் ஒரு ஜோடி கையுறை பார்த்தேன். கேடயத்துக்குள் சுத்தியல் படம், கீழே 4544. ‘ஊசிகூட ஏறாது சார்’ என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. வாங்கலாமா?

நெய்வேலி சேஃப்டி:
வேண்டாம் அண்ணே. அது ஈஎன் 388, வெட்டு, துளைப்பு மாதிரி ஆபத்துகளுக்கான ஐரோப்பியக் கையுறைத் தரம். கடைசி 4 துளைப்புக்கு உண்டான எண்தான், ஆனால் அங்கே குத்துவது ஆணி மாதிரித் தடித்த எஃகு முனை. 150 நியூட்டன் (விசையின் அளவு) தாங்கினால் 4. மருத்துவ ஊசியோ இழைகளை விலக்கிக்கொண்டு போய்விடும். அதற்கு ஏஎஸ்டிஎம் எஃப்2878 என்ற அமெரிக்கத் தரத்தில் தனிச் சோதனை. 21, 25, 28 கேஜ் (ஊசியின் தடிமன் எண்) ஊசிகளாலேயே குத்திப் பார்ப்பார்கள். அமெரிக்கக் கையுறைத் தரமான ஆன்சி 105-இல், ஊசிக் குத்துக்கு 10 நியூட்டன் தாங்கினாலே உச்ச நிலை 5. நூற்றைம்பது எங்கே, பத்து எங்கே!

அப்புறம், எண்ணோடு எழுத்து இல்லையென்றால் அது 2016-க்கு முந்தைய முறை. இப்போது வெட்டுத் தாங்கும் திறனுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்தும் போடுகிறார்கள்.

வில்லியனூர்:
அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பான என்ஐஜே 1999-இலேயே காவல், சிறைப் பணிக் கையுறைகளுக்கென்று 99-114 சோதனை முறையை வெளியிட்டது. தடிமனை மட்டும் பார்க்காதீர்கள், விரலுக்கு உணர்வு தெரியாவிட்டால் தம்பி கழற்றி வைத்துவிட்டுத்தான் தேடுவார்.

கடலூர்க்காரன்:
சரி, உள்ளங்கையில் மட்டும் ஊசித் தடுப்பு இருந்தால்?

நெய்வேலி சேஃப்டி:
விரல் நுனியில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இடுக்கில் முன்னால் போவது அதுதானே.