அப்பா அம்மாவோடு முதல் கப்பல் பயணம்: எங்கெங்கே தவறு நடக்கும்?

திருச்சி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறோம். மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்விட்டு மறுபடி சிங்கப்பூர். நான், கணவர், எட்டு வயது மகள், என் அப்பா, அம்மா என்று ஐந்து பேர். அப்பாவுக்கு 71 வயது. இன்சுலின் போட்டுக்கொள்கிறார், முழங்கால் வலியும் உண்டு. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். இருவரும் கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

இதற்காக மூன்று வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்தேன். திரும்ப ஒருமுறை கூட்டிப் போக முடியுமா தெரியாது, அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

எங்கள் திட்டம் இது: திருச்சியில் இரவு விமானம் ஏறி, காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, மதியமே கப்பல் ஏறிவிடுவது. ஒரு நாள் ஹோட்டல் செலவு மிச்சம். அம்மாவுக்காக ஒரு சின்ன எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரும் கொஞ்சம் அரிசியும் எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். போய்வந்தவர்கள், இதில் எது சரி, எது தவறு என்று சொல்லுங்கள்.

முன்னாள் கேபின் ஊழியன், தூத்துக்குடி:

சகோதரி, நான் ஒன்பது வருடம் பயணிகள் கப்பலில் கேபின் பராமரிக்கும் வேலை பார்த்தவன். பாதிக்கு மேல் ஆசியப் பக்கம்தான் ஓடினேன். முதல்முறை வரும் நம் ஊர்க் குடும்பங்களைப் பார்த்தால் எனக்குத் தனி அக்கறை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த விமானத்தை ஒரு நாள் முன்னுக்கு மாற்றுங்கள். கப்பல் புறப்பட ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் மழையில் திருச்சி விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் உங்களுக்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள், பணமும் திரும்பாது. ஹோட்டல் காசை மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து பேருடைய டிக்கெட்டைப் பணயம் வைக்கிறீர்கள். அப்பா தூங்காத கண்ணோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசியுங்கள். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சாதாரண அறை போதும், சாப்பாடும் கீழேயே கிடைக்கும்.

இன்னொன்று, சிங்கப்பூரில் கப்பல் ஏறும் இடம் இரண்டு. மரீனா பே குரூஸ் சென்டர் ஒன்று, ஹார்பர்ஃப்ரண்டில் விவோசிட்டி பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர் ஒன்று. டாக்சிக்காரரிடம் "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொல்லி வேறு இடத்தில் போய் இறங்கியவர்கள் உண்டு. டிக்கெட்டில் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கர் வேண்டவே வேண்டாம். சூடேற்றும் எதையும் கப்பலில் விடமாட்டார்கள். குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி எல்லாம் எக்ஸ்ரேயில் மாட்டும். அப்புறம் அந்தப் பெட்டியே கேபினுக்கு வராது. செக்யூரிட்டி அறைக்குப் போய் நின்று, குக்கரை ஒப்படைத்துவிட்டு வாங்கி வரவேண்டும். கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். தண்ணீருக்கு நடுவில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை, அந்தப் பயம்தான் காரணம்.

பெட்டிகளைக் கரையிலேயே வாங்கிக்கொள்வார்கள். கேபின் வாசலுக்கு வர மாலையாகும், சில நாள் இரவுச் சாப்பாடு முடிந்துகூட வரும். மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, பாப்பாவுக்கு ஒரு மாற்று உடுப்பு இவ்வளவும் கைப்பையில் இருக்கட்டும். மாத்திரையைப் பெட்டியில் பூட்டிவிட்டு மதியமெல்லாம் என்னிடம் கெஞ்சிய பெரியவர்கள் எத்தனையோ பேர். மலைபோல் குவிந்த பெட்டிகளில் நான் எங்கே போய்த் தேடுவேன்?

இனி நேரம். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கடிகாரம் ஒன்றுதான். புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். ஆனால் போன் கரையில் சிக்னல் பிடித்ததும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்குப் போய்விடும். கப்பல் நேரப்படி 4.30க்கு வந்து சேரவேண்டும் என்று வையுங்கள், அப்போது போன் 3.30 காட்டும். ஒரு கோவைத் தம்பதி இப்படித்தான் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று புக்கெட்டின் பட்டோங் கடற்கரையில் நின்றுவிட்டார்கள். பெரிய கப்பல்கள் அங்கே தள்ளி நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களைக் கொண்டுபோய் விடும். கடைசிப் படகு கிளம்பிவிட்டது. நாங்கள் அவர்களுடைய கேபினைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கரையிலிருக்கும் ஏஜென்டிடம் கொடுத்தனுப்பினோம், எடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். கட்டிலில் அந்த அம்மா மடித்து வைத்திருந்த பட்டுப்புடவை இன்றும் கண்ணில் நிற்கிறது, இரவு விருந்துக்குக் கட்ட எடுத்து வைத்திருந்தார். வீட்டுக்கு விமான டிக்கெட் அவர்கள் சொந்தச் செலவு.

அதனால் ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்து அப்பா கையில் கட்டிவிடுங்கள். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள், சொந்தமாக வண்டி பிடித்தால் அப்படி இல்லை.

பாதுகாப்புப் பயிற்சியைத் தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவு அருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை புதிதாக ஏறியவர்களுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி. அதன் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ நடத்தியே ஆகவேண்டும் என்று 2015 முதல் மாற்றினார்கள். இப்போது பல கப்பல்களில் டிவியில் படம் பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் கூடுவதற்கு உங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் போய்த் தலைகாட்டினால் முடிந்தது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் அந்த இடத்துக்குப் போகவேண்டும், லிஃப்ட்டை நம்பக்கூடாது. அப்பாவின் முழங்காலைப் பற்றி ஏறிய அன்றே வரவேற்பில் சொல்லிப் பதிந்துவிடுங்கள், கை கொடுக்க ஆள் ஒதுக்குவார்கள்.

பினாங்கு போய்வந்தவள்:

அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். நான் சாப்பாடும் செலவும் சொல்கிறேன்.

என் மாமியாரும் சுத்த சைவம். பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக் கேளுங்கள், முட்டை கூடாது என்பதையும் சேர்த்து. அந்தப் பக்கத்தில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ், சிப்பி சாஸ் ஊற்றிவிடுவார்கள், கேட்காமல் எடுக்கக்கூடாது. முதல் இரவே உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரிடம் பேசினேன், அடுத்த நாளிலிருந்து மாமியாருக்குத் தனியாகப் பருப்பும் சோறும் வந்தது. தயிரும் வெள்ளைச் சோறும் எப்போதும் இருந்தன. கடையில் வாங்கிப் பிரிக்காத ஊறுகாய்ப் பாக்கெட்டை எங்களிடம் பிடுங்கவில்லை.

பினாங்கில் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது, சுற்றிலும் நம் சாப்பாட்டுக் கடைகள். மாமியார் அன்றுதான் பயணத்திலேயே முகம் மலர்ந்து சிரித்தார்.

கப்பல் ஏறியதும் எல்லாப் போனையும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் வரும் சிக்னல் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க். சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. என் கணவருக்கு இரண்டே நாளில் ஏழாயிரத்துக்கு மேல் பில் வந்தது. ஊழியர்களுக்கான டிப்ஸும் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறும், ஐந்து பேருக்கு இப்போதே பெருக்கிப் பாருங்கள்.

சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா என்றும் பாருங்கள், போய்த் திரும்பி மறுபடி நுழைகிறீர்கள் அல்லவா? திரும்பி இறங்கும் நாளுக்கு எஸ்ஜி அரைவல் கார்டையும் (சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் படிவம்) இன்னொரு முறை நிரப்ப வேண்டும்.

திருச்சி மகள்:

அண்ணா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. இன்றைக்கே விமானத்தை மாற்றிவிட்டேன், குக்கரையும் அலமாரியில் வைத்துவிட்டேன். இன்சுலினைக் கேபின் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? அப்பாவுக்கு வாந்தி வருமோ என்று அம்மாவுக்கு ஒரே கவலை.

முன்னாள் கேபின் ஊழியன், தூத்துக்குடி:

கேபின் ஃப்ரிட்ஜை நம்பாதீர்கள் சகோதரி. பலவற்றில் பாட்டில் லேசாகக் குளிரும், அவ்வளவுதான். மருந்துக்கென்று தனி ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று இப்போதே மெயில் போடுங்கள். பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பாவையும் கேபின் பையனிடம் கேளுங்கள், கொண்டுவந்து தருவான். குப்பைக்கூடையில் போட்டால் கையை விட்டு அள்ளுகிறவனுக்குக் குத்தும், எனக்கே குத்தியிருக்கிறது. விமானத்திலும் இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும், கூடவே டாக்டர் சீட்டு. கப்பல் மருத்துவரிடம் போனால் கட்டணம் அதிகம். கப்பல் பயணத்தையும் சேர்த்த இன்சூரன்ஸா என்று பார்த்து எடுங்கள்.

வாந்திக்கு ரொம்பப் பயப்படவேண்டாம். பினாங்கு, புக்கெட் வழி மலாக்கா நீரிணைக்குள் போகிறது, டிசம்பரில் அந்தப் பக்கம் பெரும்பாலும் அமைதி. கேபின் இன்னும் ஒதுக்கவில்லை என்றால் கீழ்த்தளத்தில் நடுப்பகுதி கேளுங்கள், ஆட்டம் குறைவு. மாத்திரை வேண்டுமா என்பதை அவருடைய டாக்டர் சொல்லட்டும், இஞ்சி மரப்பா கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

கப்பல் கிளம்பும்போது அப்பாவையும் அம்மாவையும் மேல்தளத்துக்குக் கூட்டிப்போய் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். துறைமுகத்துக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் சரக்குக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும், இருட்ட இருட்ட ஒவ்வொன்றாக விளக்குப் போடுவார்கள்.